வாலிநோக்கத்திலிருந்து ஒரு வேட்டை நாயுடன்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 7.20. காற்றே இல்லை, வெயில் அதற்குள் முதுகைச் சுட்டது.

மதுரையிலிருந்து, வாலிநோக்கத்துக்கு அருகே மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு இரண்டு நாள் விருந்தாளியாகப் போனேன். மூன்றாம் நாள் சம்பந்தியின் நாயோடு இராமநாதபுரம் கால்நடை மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. கௌதாரி வேட்டைக்குப் பழக்கிய கன்னி இன நாய், பெயர் சிட்டு. முந்தின மாலையிலிருந்து தள்ளாடியது, எச்சில் வடித்தது, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"காவல் நாய்னு சொல்லுங்க சம்பந்தி. வீட்ட விட்டுப் போகாதுன்னு சொல்லுங்க. கௌதாரின்னு வாயத் தொறந்தீங்க, ஃபாரஸ்ட்காரன் எம்மேல கேஸ் எழுதிருவான்" என்றார் சம்பந்தி. அவரே வந்தால் வேட்டைக்காரர் என்று அங்கே அடையாளம் தெரிந்துவிடுமாம்.

குட்டி யானை வண்டிக்கு வாடகை 1,200 ரூபாய். கீழக்கரை வழியாக 38 கிலோமீட்டர். கருவேலங்காடு, உப்புக் குவியல், மறுபடி கருவேலங்காடு. ஒதுங்கி நிற்க நிழல் தரும் மரங்கள் ஏழுதான் எண்ண முடிந்தது.

ஓட்டுநர் ஜப்பார் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பெரியவரே, கயிறு இறுக்கமா இருக்குல்ல? வெறி புடிச்சிருந்தா நம்ம கதி?"

"வெறின்னா தண்ணியக் கண்டு பயப்படும்பாங்க. இது சட்டி சட்டியாக் குடிக்குதே?"

"அப்ப உப்புத் தண்ணிதான். நேத்து உப்பளத்துல கௌதாரிய வெரட்டிக்கிட்டு வந்து, பாத்தித் தண்ணிய மடக்கு மடக்குனு குடிச்சுச்சு. நாந்தேன் பாத்தேன்." சற்றுப் பொறுத்து, "இல்ல, அது பக்கத்து ஊரு நாயோ என்னமோ. தூரத்துல பாத்தது. அல்லா அறிவான்" என்றார்.

எதை நம்புவது?

9.05. கால்நடை மருத்துவமனை. எங்களுக்கு முன் நான்கு ஆடுகள், ஒரு பசு. மருத்துவர் இளம் பெண்.

"வெறிநாய் ஊசி போட்டிருக்கா?"

"தெரியாதும்மா."

"வெளியில சுத்துமா?"

"காவல் நாய். வீட்டை விட்டுப் போகாது."

அவர் ஓரடி பின்வாங்கினார். ஆட்டுக்காரர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"வேற காரணமே இல்லன்னா வெறிநோயத்தான் சந்தேகப்படணும் ஐயா. கூண்டுல போட்டுப் பாக்கலாம். அதுக்கு வைத்தியம் கிடையாது."

உண்மையைச் சொன்னால் சம்பந்தி மேல் வழக்கு. என் மகள் அவர் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். சொல்லாவிட்டால் நாய் கூண்டில் சாகும். அந்த உண்மையும் உண்மைதானா என்று எனக்கே நிச்சயமில்லை. சிட்டு பெஞ்சின் காலில் முட்டி, விழுந்து, எழ முயன்று மறுபடி விழுந்தது.

"கௌதாரி விரட்டும்மா. உப்பளத்துத் தண்ணியக் குடிச்சதா ஒருத்தர் பாத்தாராம். அவருக்கும் சந்தேகந்தான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" உறை மாட்டிய கையால் பாதத்தைத் திருப்பினார். முள் கீறல்கள், விரலிடுக்கில் வெள்ளையாக உப்பு. "காவல் நாய்க்கு இந்தக் காலா?"

ரத்தத்தைச் சோதித்ததில் உப்பு ஏறியிருந்தது. சொட்டுச் சொட்டாக மருந்து ஏறியது. தண்ணீரை மொத்தமாகக் கொடுத்தால் மூளை வீங்கிவிடுமாம். நான் சட்டி சட்டியாகக் கொடுத்திருந்தேன். எதற்கும் பத்து நாள் தனியே கட்டிவைக்கச் சொன்னார். நாயைத் தூக்கி இறக்கியதில் எச்சில் பட்ட எனக்கும் ஜப்பாருக்கும் பெரியாஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டார்கள்.

மாலை 4.10க்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சிட்டு எழுந்து நின்று காதை நிமிர்த்தியது. சம்பந்திக்கு போன் செய்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"கௌதாரின்னு சொல்லிட்டேன்."



"நாய் நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப நீங்க அப்படியே மதுரைக்குப் போயிருங்க சம்பந்தி. ஜப்பார் நாயக் கொண்டாந்துருவான்."

கோபத்தில் சொன்னாரா, விசாரணை வந்தால் நான் அங்கே இருக்கவேண்டாம் என்று சொன்னாரா? பஸ் பரமக்குடி தாண்டித் தென்னந்தோப்புகள் தெரிந்த பிறகும் விளங்கவில்லை. மகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை, பையும் அங்கேயே கிடக்கிறது. வண்டி வாடகை 1,200, காத்திருப்புக்கு 300, வெளியில் வாங்கிய மருந்து 860, பஸ் 100. மொத்தம் 2,460 ரூபாய்.