முதல் வெட்டு

பினாங்கிலிருந்து மின்னஞ்சல் வந்த காலையில்தான் எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாப் பந்தல் வேலை தொடங்கியது. வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இரும்புக் குழாய்களை இணைத்துக் கூரைகள் எழுப்பும் நிறுவனம் அது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் படித்துப் பொறியாளர் பட்டம் வாங்கியிருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது மாவு ஒட்டிய கையாலேயே என் கன்னத்தைத் தொட்டாள். அப்பா, "பினாங்கு தூரமாச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

பசியாறிவிட்டு நானும் போனேன். லாரியில் வந்த பாக்காவ் கம்பங்கள் தரையில் கிடந்தன. சதுப்பு நில மரம் அது. அடி தடித்து, நுனி மெலிந்து வரும். எங்கள் அம்மனுக்கு முன்னால் ஆணி அடிக்கும் வழக்கமில்லை. நிற்கும் காலுக்கும் மேலே படுக்கும் கம்பத்துக்கும் இடையில் ஒரு சாய்கால் கொடுத்து, அதன் இரு முனைகளையும் சாய்வாக வெட்டிப் பொருத்தி, கயிற்றால் இறுக்க வேண்டும். வருடா வருடம் அதைச் செய்து வந்த சித்தப்பா சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டார்.

கோயில் தலைவரும் அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் கம்பத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒருவர் கோணம் வெட்டிய அட்டையை வைத்து அளப்பார், இன்னொருவர் தப்பு என்பார். அப்பா தேநீர் வரட்டும் என்பார். ரம்பம் அடுத்தவர் கைக்கு மாறும், மரத்தைத் தொடாமலேயே திரும்பும். இவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அட்டைய கம்பத்து பக்கவாட்டுல வைக்கிறீங்க" என்றேன். "அது நுனிக்குப் போகப் போக சரிஞ்சு போவுது. அந்தச் சரிவும் சேர்ந்து கோணம் தப்பாவுது. நடுவுல கோடு போட்டு அதுலேர்ந்து அளக்கணும்."

"இன்ஜினியர் வந்துட்டாங்கப்பா" என்றார் தலைவர். "நாம எல்லாம் எழுந்து நிக்கணும்."

"நின்னா முட்டி வலிக்கும். உக்காந்தே மரியாத குடுங்க" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் சுண்ணாம்பு தடவிய நூலை அடியின் மையத்திலிருந்து நுனியின் மையத்துக்கு இழுத்துச் சுண்டினேன். நிற்கப்போகும் காலிலும் அதேபோல் ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையில் கோணத்தை எடுத்துக் குறித்தேன். சிரிப்பு நின்றிருந்தது. ரம்பம் அப்போது அப்பா கையில் இருந்தது. அவர் அதை என் பக்கம் நீட்டினார்.

"நீயே வெட்டும்மா."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. வெட்டினேன். வெட்டிய முகத்தை உளியால் மீன்வாய் போலக் குழித்து, காலின் உருளையோடு பொருத்தினேன். ஒரு தாள்கூட நுழையாது.

பூசாரி மஞ்சள் தட்டோடு வந்து என் கையைக் கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து நீட்டினேன். மணிக்கட்டில் காப்பு கட்டினார்.

"மொத வெட்டு போட்டவங்களுக்குத்தான் காப்பு" என்றார். "பந்தல் பிரிக்கிற வரைக்கும் தோட்டத்து எல்லைப் பாலத்த தாண்டக்கூடாது. ஞாயித்துக்கிழமதான் பிரிப்போம்."

சித்தப்பா கையில் காப்பைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று நான் கேட்டதேயில்லை. அந்த வேலைப் பக்கம் பெண்பிள்ளைகளை விட்டதில்லை. எல்லாரும் தோட்டத்திலேயே வேலை செய்த காலத்தில் அதில் யாருக்கும் கஷ்டமில்லை. இப்போது ஆளாளுக்கு வெளியே வேலை. யாருக்கும் லீவு கிடைக்காது. காலையெல்லாம் ரம்பம் ஏன் கைமாறிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கயிற்றை நனைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். "ஏன்யா, தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"அவதான் கேட்டா" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நிறுவனத்துக்கு எழுதினேன். திங்கட்கிழமை காலை வரலாம், அதற்கு மேல் தள்ள முடியாது என்று பதில் வந்தது. காப்பை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அம்மன் மேல் பயமில்லை. ஆனால் காற்றில் ஒரு கீற்று பறந்தால்கூட, பொம்பள வெட்டின வெட்டு, அதுவும் பாதியில் ஓடிப்போனவள் என்பார்கள். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது. தினமும் செம்பனை மரங்களுக்கு நடுவே பாலம் வரை நடந்து போய், அந்தப் பக்கம் போகும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. பந்தலுக்கு அடியில் ஒதுங்கிய பெண்கள் என் பொருத்தைத் தொட்டுப் பார்த்துப் பெருமையாகப் பேசினார்கள். தலைவர், "இனி வருசா வருசம் நீதாம்மா" என்றார். கை அரித்தது. மஞ்சள் ஈரம் காயவேயில்லை.

ஞாயிறு மத்தியானம் கயிறுகளை அவிழ்த்தோம். மற்ற கம்பங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. நான் வெட்டிய சாய்கால் மட்டும் அசையவில்லை. மழையில் ஊறி இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு நின்றது. இருவர் தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் தொங்கிப் பார்த்தார். சாயங்காலம் சிரம்பானிலிருந்து எனக்குப் பினாங்குப் பேருந்து.

"ரெண்டு நாள் வெயில்ல காஞ்சா தானா விட்ரும்" என்றார் அப்பா. "இவ்ளோ நல்ல பொருத்து. உடைக்க மனசு வருமா? பாப்பா, நீயே சொல்லு."

"ரம்பம் எங்கப்பா?"

அது அவர் காலடியில்தான் இருந்தது. நானே குனிந்து எடுத்தேன்.

"கம்பத்த வெட்டுறது வழக்கமில்லையே" என்று தலைவர் பூசாரியைப் பார்த்தார்.

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "பிரிக்கணும்னு சொல்லிருக்கு. எப்படிப் பிரிக்கணும்னு சொல்லல."

ஏணியில் ஏறினேன். பொருத்திய இடத்தில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கோடு தெரியவில்லை. இதைவிடச் சரியாக நான் இதுவரை எதையும் வெட்டியதில்லை. அதற்கு ஒரு கை தள்ளி, குறி எதுவும் போடாமல், குறுக்கே ரம்பத்தை வைத்து இழுத்தேன். ஈர மரம் ரம்பத்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஏணியை யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தால் அப்பா. தலையிலும் தோளிலும் மரத்தூள் விழ, நிமிராமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாய்கால் விழுந்தது. இறங்கி, பூசாரியிடம் கையை நீட்டினேன். அவர் முடிச்சோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அம்மா என் பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மோட்டார எடுங்க" என்றாள் அப்பாவிடம். "பாலம் தாண்டி விட்டுட்டு வாங்க."