எட்டு முதுகும் ஒரு முகமும்

காலை ஆறரைக்கு மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டு கிடைத்தும் சந்தோஷம் இல்லை. பதினொரு மணிக்குக் குன்னூரில் என் புகைப்படக் காட்சி திறப்பு. முந்தின நாள் சாயங்காலம், நான் படமெடுத்த செல்வராணி அக்கா போன் செய்து, "என் படத்தக் கழட்டீருங்க அம்மணி" என்றார். அதோடு லைன் போனதுதான், திரும்பக் கிடைக்கவே இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தோட்டமே வீடு கொடுக்கும். ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். காட்சி அதைப் பற்றித்தான். "இன்றைக்கே கிளம்பச் சொன்னால் முதலில் எதைத் தூக்குவீர்கள்?" என்று ஒன்பது பெண்களைக் கேட்டேன். கேஸ் அடுப்பு என்றார் ஒருவர், கோழி என்றார் இன்னொருவர். செல்வராணி அக்கா மிக்ஸியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். தோட்ட நிர்வாகத்தால் யாருக்கும் தொந்தரவு வரக்கூடாதென்று எல்லோரையும் முதுகைக் காட்டி நிற்கவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், வேறென்ன!

மலையேறும் வழியில் பர்லியாறில் பதினைந்து ரூபாய் டீ, பாதிக்கு மேல் இறங்கவில்லை. குன்னூரிலிருந்து அக்கா இருக்கும் தோட்டம் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நானூறு. டிரைவர் விசாரித்ததால், ஒன்பது படங்களும் இருந்த காட்சிப் போஸ்டரைப் போனில் காட்டினேன். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தவர், கேஸ் அடுப்பு தன் மனைவி என்றும் மிக்ஸி செல்வராணி அக்கா என்றும் மளமளவென்று சொல்லிவிட்டார்.

"கொழுந்து எடுக்கறப்ப முன்னால போறவங்க முதுகத்தானுங்க பாத்துட்டே இருப்பாங்க. எங்களுக்கு மொகம் எதுக்குங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் தோட்டத்து ஆபீசிலும் தெரிந்திருக்கும். அக்காவுக்கு அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். என்னால் அதற்கு முன்பே வீடு போய்விட்டால்?

போய் இறங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். மருமகளுக்கு அதே தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். வீட்டில் ஒருத்தர் வேலையில் இருந்தால் காலி செய்ய வேண்டாமாம். பழைய படத்துக்குப் பதிலாக வேறு எடுக்கச் சொல்லத்தான் போன் செய்தாராம், நடுவில் டவர் போய்விட்டது. அப்பாடா! அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற எட்டுப் பேரை அடையாளம் தெரிந்துவிடுமே என்றேன். ராத்திரியே கூடிப் பேசியாச்சு, தெரியட்டும், படம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

அக்கா முகம் கழுவி, கேமராவை நேராகப் பார்த்து நின்றார். மிக்ஸியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அது அங்கயே இருக்கட்டும் அம்மணி. ஊடுதான் இருக்குதில்ல, அதயெதுக்குத் தூக்கோணும்?"

குன்னூரில் பிரிண்ட் போட்டு, திறப்புக்குச் சற்று முன்னால், என்னோடு வந்த அக்காவே தன் கையால் மாட்டினார். எட்டு முதுகுகளுக்கு நடுவில் வெறுங்கையோடு ஒரு முகம்.

மலை இறங்கும்போது பர்லியாறில் இரண்டு டீ குடித்தேன். கோவையில் எனக்கும் வாடகை வீடுதான். கதவைத் திறந்து உள்ளே போய், முதலில் எதைத் தூக்குவேன் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்தேன்.