சுத்துக்கேணிக்கு மட்டும் வேறு நிறம்

எங்கள் மேனேஜருக்கு நெல் தூசு பட்டால் தும்மல் வரும். நெல் விளைவிக்கிறவர்கள் நடத்தும் கம்பெனிக்கு அவரைத்தான் தேடிப் பிடித்து மேனேஜராகப் போட்டார்கள். திருக்கனூர் கடைத்தெருவுக்குப் பின்னால், உர மூட்டை அடுக்கிய குடோனை ஒட்டிய ஒற்றை அறைதான் ஆபீஸ். சுற்றியுள்ள நான்கு ஊர் விவசாயிகள் பங்கு போட்டு ஆரம்பித்த கம்பெனி அது. நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். அவர் வருவதற்கு முன்னும் எழுதினேன், போன பிறகும் எழுதுகிறேன்.

அவர் புதுச்சேரியிலிருந்து காரில் வருவார். குடோன் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, ஏசியைப் போட்டு, லேப்டாப்பைத் திறப்பார். அந்த லேப்டாப்பில்தான் அவருடைய சொத்து முழுவதும் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய எக்செல் டெம்ப்ளேட்டுகள், ஒரு மூட்டை. பக்கத்தில் எண்களைப் போட்டால் போதும், படம் தானாக வந்து நிற்கும். அருவி மாதிரி இறங்கும் சார்ட், புனல் மாதிரி குறுகும் சார்ட், வண்டியின் ஸ்பீடோமீட்டர் மாதிரி முள் ஆடும் சார்ட். புதிதாகக் கல்யாணமானவன் ஆல்பத்தைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகத் திறந்து என்னிடம் காட்டினார்.

“டேட்டா பேசணும் மேடம்” என்பார். பேசியது முழுக்க அவர்தான்.

டெம்ப்ளேட்டின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. உர இருப்புக்கு நானும் ஒன்று வைத்திருக்கிறேன், ஒழுங்காக வேலை செய்கிறது. இந்த மனிதருக்கு முதலில் சார்ட் பிடித்துப் போகும், அதற்கப்புறம்தான் அதில் எதைப் போடலாம் என்று தேடுவார். முள் ஆடும் சார்ட்டுக்குள் வைக்க எதுவும் கிடைக்காமல் ஒரு வாரம் தவித்தார். கடைசியில் ‘விவசாயிகளின் நம்பிக்கை’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். அதை யாரிடம் போய் அளந்தார் என்று எனக்குத் தெரியாது. முள் பச்சைப் பக்கம் நின்றது, அவருக்கு அது போதுமாக இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நெல் உலர்த்தும் மிஷின் விவகாரத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அக்கா சுத்துக்கேணியில் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகு அவள் தனியாகத்தான் பார்த்தாள். சொர்ணவாரி என்கிற கோடைப் போக நெல்லை அறுக்கிற சமயம் பார்த்து எங்கள் பக்கம் மழை வரும். அறுவடை மிஷின் கொட்டிவிட்டுப் போகிற நெல் ஈரமாக இருக்கும், ஈர நெல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். காயவைக்கக் களம் கிடையாது. தார் ரோட்டில் பாதியை மறித்துப் பரப்பி, காலால் துழாவிக்கொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்கு முந்தின வருடம் மழை அடித்து, குவித்து வைத்த நெல் ரோட்டோரத்திலேயே முளைத்துப் போயிருந்தது.

“இந்த வாட்டியும் நனைஞ்சுதுன்னா நெலத்த வுட்டுட வேண்டியதுதான்டி” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொம்மா சொல்கிறவள் இல்லை அவள்.

அந்த நேரத்தில் ஒரு அரசாங்கத் திட்டத்தில் எங்கள் கம்பெனிக்கு ஒரு உலர்த்தும் மிஷின் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை. நான்கு ஊர் உறுப்பினர்களும் கூட்டத்தில் உட்கார்ந்து, எந்த ஊரில் வைப்பது என்று ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரிகள் அன்றைக்கே நேரில் வருவார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மிஷின் வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விடும். மழையில் அதிகமாக நெல்லை இழந்தது சுத்துக்கேணிதான். மற்ற ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும், தனித்தனியாகக் கேட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை. வாயால் சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

மேனேஜர் விடுவாரா? அதிகாரிகள் வருகிறார்களே, பிரசன்டேஷன் வேண்டாமா?

அவர் எடுத்த சார்ட்டில் ஒரு ஊருக்கு ஒரு நெட்டுத் தூண். தூணின் கீழ்ப்பாதி ஒரு நிறம், அது காய்ந்து விற்ற நெல். மேல்பாதி இன்னொரு நிறம், அது நனைந்து வீணான நெல். எண்களைப் போட்டு முடித்ததும் எனக்குப் பகீரென்றது. வரிசையாக நின்றவை தூண்கள் இல்லை, கட்சிக் கொடிகள். மேலே அந்த நிறம், கீழே இந்த நிறம், ஒரு கட்சியின் கொடியேதான். அதோடு விட்டதா? எது அதிகமோ அதைத் தானாகவே தனி நிறத்தில் எடுத்துக் காட்டும் வித்தை அந்த டெம்ப்ளேட்டில் இருந்தது. சுத்துக்கேணித் தூண் மட்டும் மாறிப்போய், எதிர்க்கட்சிக் கொடியாக எழுந்து நின்றது. என்ன நிறங்கள் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிற நீங்களும் ஒரு பக்கம் சாய்வீர்கள்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் வேறு.

“சார், இது கொடி மாதிரி இருக்கு. நிறத்த மாத்திடலாம்” என்றேன்.

“கொடியா? எனக்கு அப்படித் தெரியலையே. இது கார்ப்பரேட் கலர் மேடம். ஃபாரின்ல டிசைன் பண்ணது. டெம்ப்ளேட்ல மட்டும் கைய வச்சிடாதீங்க.”

ஃபாரினில் உட்கார்ந்து நிறம் பிடித்தவன் திருக்கனூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்கிறானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, கேட்டாலும் அவருக்கு உறைத்திருக்காது.

கூட்டம் நடக்கிற கல்யாண மண்டபத்தில் பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் தெரியாது என்றதும், சார்ட்டுகளை ஃப்ளெக்ஸ் பேனராக அடிக்கச் சொன்னார். ஆடுகிற முள்ளை எப்படி ஃப்ளெக்ஸில் அடிப்பது? அதையும் அடிக்கச் சொன்னார். முள் அசையாமல் நின்றால் என்ன, நம்பிக்கை அசையாமல் இருக்கிறது என்று அர்த்தமாம்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரன் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். “இன்னாக்கா, ரெண்டு கட்சியும் ஒரே பேனர்லயா? கூட்டணி வெச்சிட்டாங்களா?” என்றான். இல்லை, இது நெல் கணக்கு என்றேன். அவன் நம்பவில்லை. “சரிக்கா, தலைவர் போட்டோ எங்க? மூஞ்சி இல்லாம எப்புடி பேனர் அடிக்கிறது?” இதை மேனேஜரிடம் போனில் சொன்னேன், அவராவது யோசிப்பார் என்று. “அதெல்லாம் எதுக்கு மேடம்” என்று கூச்சப்பட்டார். கூச்சம் தீர்வதற்குள் கோட்டு சூட்டுப் போட்ட அவருடைய படம் போனில் வந்து விழுந்தது. கடைக்காரன் அதைக் கொடிகளுக்கு மேலே, தலைவருக்கு உரிய இடத்தில் பதமாக ஒட்டினான்.

கூட்டத்துக்கு முதலில் வந்தவர் ஒரு பெரியவர். மேடையைப் பார்த்தவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

“யாருபா இத கட்டனது? கம்பெனி கூட்டம்னு கூப்ட்டு கட்சி மேடைல ஒக்கார வெக்கிறீங்களா?”

அடுத்து வந்தவர்கள் ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை. ஒருவர் தன் கட்சிக்காரர்களுக்குப் போன் போட்டார். அதைப் பார்த்து எதிர்ப்பக்கத்தில் ஒருவர் போன் போட்டார். உறுப்பினரே இல்லாத ஆட்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஸ்பீடோமீட்டரைக் காட்டி, பைக் தருகிறார்களா என்று விசாரித்தார். அவர் ஒருவர்தான் பேனரைப் படிக்க முயன்றவர்.

“சுத்துக்கேணிக்கு மட்டும் இன்னாத்துக்கு அந்தக் கொடி? மிஷின அவனுங்களுக்குன்னு முடிவே பண்ணிட்டீங்களா?” என்று பின்னாலிருந்து இன்னொருவர் கேட்டார்.

“கலர் முக்கியம் இல்ல சார், ட்ரெண்ட பாருங்க” என்று மேனேஜர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மேடையில் கத்தினார். குச்சியைக் கொடியின் மேல் வைத்துத் தட்டியதும் ஒரு பக்கம் கூச்சல் எழுந்தது. அவர் பயந்து அடுத்த கொடியைத் தட்டினார், அந்தப் பக்கமும் எழுந்தது.

அக்கா எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

“கொடிய வுடுங்கபா. ஒங்க நெல்லுந்தான போன வருஷம் நனைஞ்சுது? மிஷின பத்திப் பேசுங்க.”

முன்வரிசையில் நின்றிருந்த ஒருவர் திரும்பினார். பக்கத்து ஊர்க்காரர். போன வருடம் அக்காவோடு அதே ரோட்டில் நெல் பரப்பியிருந்தவர், அதே மழையில் இழந்தவர். “ஒனக்கு இன்னாமா, ஒங்க ஊரு கொடிதான் ஒசரத்துல நிக்குதே” என்றார்.

அந்தத் தூண் உயரமாக நின்றது நனைந்த நெல்லால். அதில் என் அக்காவின் நெல்லும் இருந்தது. மேனேஜரை நான் அதுவரை முட்டாள் என்று நினைத்தேன், அன்றைக்கு எங்கள் ஆட்களையும் அதே பட்டியலில் சேர்த்தேன். சொந்தச் சோற்றில் மழை பெய்யும்போது கொடிக்குக் குடை பிடிக்கிறவர்களை என்னவென்று சொல்வது? வெட்கமாக இருந்தது. அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரிகள் வந்தபோது மண்டபத்தில் நாற்காலிகள் சாய்ந்து கிடந்தன. மேனேஜர் அவர்களுக்கு இங்கிலீஷில் விளக்கினார். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மிஷின் வேறு ஊர்க் கம்பெனிக்குப் போயிற்று.

மேனேஜர் துக்கப்பட்டாரா? மறுநாள் புனல் சார்ட்டைத் திறந்தார். மேலே அகலமாக, அழைக்கப்பட்டவர்கள். அதன் கீழே வந்தவர்கள், அதன் கீழே டீ குடித்தவர்கள், அடியில் கையெழுத்திட்டவர்கள். அடியில் ஒன்றும் இல்லாததால் புனலின் வாய் மூடிக்கொண்டது. “அழகா வந்திருக்குல்ல மேடம்?” என்றார். சில மாதத்தில் பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பேனரில் போட்ட கோட்டுப் படத்தைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறார்.

பேனர் ஆபீஸ் மூலையில் சுருண்டு கிடந்தது. சொர்ணவாரி அறுப்புக்கு முன்னால் அக்கா வந்தாள். “அது சொம்மாதான கெடக்குது, குடுடி” என்று கேட்டு வாங்கிப் போனாள்.

அறுத்த நெல்லை ரோட்டில் பரப்பியபோது நான் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போயிருந்தேன். பேனரைக் குப்புறப் போட்டு அதன் மேல் நெல்லைக் கொட்டியிருந்தாள். வெள்ளைப் பக்கம் மேலே, கொடிகள் அடியில் தாரைப் பார்த்து. “போறவன் வர்றவன் வாயில வுழணுமா” என்றாள். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. நெல்லைக் குவித்து, பேனரை உருவி மேலே போடுவதற்குள் காற்று வந்துவிட்டது. பேனர் புரண்டு கொடிகள் வெளியே தெரிந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. மண்டபத்தில் முன்வரிசையில் நின்றவர்.

“இன்னாமா இது, கொடிய கீழ போட்டு மிதிச்சினு கீற?”

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒங்க மிஷினுதான் இது. வந்து அந்த மூலைய புடி” என்றாள்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து மூலையைப் பிடித்தார். அதையாவது சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான்காவது மூலையில் மேனேஜரின் கோட்டுப் படம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. பேனர் குவியலில் பாதியைத்தான் மூடியது. மீதிப் பாதி எங்கள் கண்முன்னால் நனைந்தது, அப்புறம் முளைத்தது. அந்தப் போகத்தோடு அக்கா நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள்.

இந்த வருடம் புது மேனேஜர் வந்திருக்கிறார். பழைய கோப்புகளைக் கிளறி அந்த டெம்ப்ளேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். புது எண்களைப் போடச் சொன்னார், போட்டேன். சுத்துக்கேணித் தூணின் மேல்பாதி நன்றாக இறங்கியிருந்தது. பக்கத்தில் தானாகவே ஒரு பச்சை அம்பு வந்து உட்கார்ந்தது.

“நனைஞ்சு வீணாகற நெல்லு எவ்ளோ கொறஞ்சிருக்கு பாருங்க மேடம்! இதுதான் நம்ம சக்சஸ் ஸ்டோரி” என்றார். “சார்ட் பக்கத்துல சுத்துக்கேணி லேடி ஃபார்மர் போட்டோ ஒண்ணு வேணும். உங்க அக்கா அங்கதானே?”

“அங்க நெறைய பேரு நெல்லே போடல சார், அதான் நனையல” என்றேன். போனை எடுத்து அக்காவின் படத்தைக் காட்டினேன். தலையில் கம்பெனித் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, விடிகாலையில் வேனுக்காக ரோட்டோரத்தில் நிற்கிறாள். நெல் பரப்பிய அதே ரோடு.

அவர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது வேணாம் மேடம்” என்று திருப்பிக் கொடுத்தார். “வயல்ல நிக்கற மாதிரி பழசு ஏதாவது இருக்கா பாருங்க.”