ஹேண்ட்பிரேக்கில் ஒரு பல்

என் தங்கையின் கணவர் எனக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். இதை நான் மறைத்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்கள் கடன் வாங்கினால் வெளியில் மூச்சு விட மாட்டார்கள். இவரோ தன் வாடகைக் காரில் ஏறுகிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட, "இது எங்க மச்சான் கொடுத்த காசுல வாங்கின வண்டிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கியர் போடுவார்.

என் பட்டறையில் அவருக்குப் பெயரே 'பரவால்ல'. காலில் ஸ்பானர் விழுந்தாலும் பரவால்ல. டீயில் ஈ விழுந்தாலும் பரவால்ல. சவாரி வந்தவன் பாதிக் காசோடு இறங்கி ஓடினாலும், "பாவம், அவனுக்கு என்ன அவசரமோ, பரவால்ல." பாதி ஆயுளை அடுத்தவர் வண்டி ஓட்டியே கழித்தவர். கடைசி முதலாளி காரை விற்றுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போகச் சொன்னபோதும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். என் தங்கை அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். பணத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்க என்னிடம் இருந்தது.

அது எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நானும் அதை விட்டேன். ஸ்பானர் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்று பட்டறை என் சொந்த இடத்தில் நிற்கிறது, என் கீழே ஆறு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். வண்டி வாசலில் நுழையும்போதே அதன் நோயைச் சொல்லிவிடுவேன். சத்தம் கண்டுபிடிப்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. ஓட்டுகிறவனுக்குச் சத்தம் பாதிதான் கேட்கும். அதனால் வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொள்வேன். கண் மூடினால்தான் காது முழுசாகத் திறக்கும். இந்த முறையில் நான் தோற்றதே கிடையாது என்று அந்த வருஷம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மாப்பிள்ளையின் காரில் பின்னாலிருந்து ஒரு சத்தம். மேடு பள்ளம் வந்தால் போதும், டப்பாவில் கொட்டைகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று அடிக்கும். சவாரிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதைவிட முக்கியமாக, ஓர் ஆஸ்பத்திரியில் மாத வாடகைக்குக் கார் எடுக்கப் போவதாகத் தகவல் வந்திருந்தது. ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வேலை. அந்த மேனேஜர் அம்மா திங்கட்கிழமை வண்டியில் ஏறிப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். கிடைத்தால் மாதா மாதம் நிச்சயப் பணம். கிடைக்காவிட்டால் காரை விற்றுத்தான் மச்சான் கடனை அடைப்பேன் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். கார் போனால் அந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"சைலன்சர் கிளாம்ப் லூஸ்" என்று பார்த்ததுமே சொன்னேன். முடுக்கினேன். ஆறு பேர் முன்னால், "போங்க மாப்பிள்ளை, இனிமே சத்தம் வந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்றேன்.

ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "போயிடுச்சு மச்சான். சுத்தமா இல்ல."

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நீங்க சத்தத்தைச் சரி பண்ணீங்களா, இல்ல கொஞ்சம் கூட்டி விட்டீங்களா?"

"என்ன உளர்ற?"

"அவர் தெருமுனை திரும்பறப்பவே எனக்கு அடுப்படியில கேக்குது. அதைக் கேட்டுத்தான் உலை வைக்கிறேன்."

"மாப்பிள்ளை சத்தமே இல்லைன்னாரே!"

"அவர் என்னைக்கு எதை இருக்குன்னு சொல்லியிருக்கார்?"

எனக்குச் சுருக்கென்றது. உடனே காரை வரச்சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊரிலேயே மோசமான சாலையில் போகச் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் போனேன், இல்லை. ஏதோ கருகல் வாடை மட்டும் வந்தது. பக்கத்து டயர் கடைக்காரன் எதையோ கொளுத்துகிறான் என்று அவனிடம் போய்ச் சண்டை போட்டேன். ஆனாலும் தங்கை விடவில்லை. "பெட்ரோல் வேற தண்ணியா குடிக்குது, அண்ணே. உங்க காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். என் காதை! வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றே பட்டறை வாசலோடு உறவு முடிந்திருக்கும்.

யோசனை அவளுடையதுதான். "நீங்க ஏறினா சத்தம் வரமாட்டேங்குது. அப்ப நீங்க ஏறினது அவருக்குத் தெரியக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, நான் அவர் காரின் பின்சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் படுத்தேன். என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். தங்கை மேலே போர்வையைப் போட்டு மூடி, "மூச்சை மெதுவா விடுங்க, போர்வை எழும்புது" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

அவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கிவிட்டு வண்டியை எடுத்தார். தெருமுனை தாண்டியதுமே என் காதுக்குப் பக்கத்திலேயே, இடது பின்சக்கரத்திலிருந்து, கடகடகடவென்று அடித்தது. அத்தனை நாள் நான் தேடிய சத்தம்! சந்தோஷத்தில் எழுந்துவிட்டிருப்பேன். ஆனால் அவர் பேச ஆரம்பித்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மச்சான், நீங்க நல்லாத்தான் பார்த்தீங்க, ஆனா..." பேச்சு நின்றது. "ம்ஹூம். அத்தனை பணம் வாங்கிட்டு, ஆள்க முன்னாடி அவர் வேலையைக் குறை சொன்னா நல்லாவா இருக்கும்? வேணாம். நாளைக்கு அந்த அம்மா ஏறினதும், மத்த சவாரிக்குப் பண்ற மாதிரி ஹேண்ட்பிரேக்கை ஒரு பல் தூக்கிட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு ஒத்திகை பார்ப்பதுபோல் ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினார். கிர்ரென்று ஒரே ஒரு பல் ஏறியது. கத்தரித்த மாதிரி சத்தம் நின்றது.

எனக்கு அங்கேயே, படுத்த படுக்கையில், எல்லாம் விளங்கிவிட்டது. ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினால் பின் சக்கரங்களின் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ போய் அழுந்தும். அழுந்தினால் ஆடாது. ஆகவே ஆடுவது ஷூதான். நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்காரும்போதெல்லாம் இந்த மனிதர் பொத்தானை அமுக்கியபடி, கிர் சத்தம்கூட வராமல், ஒரு பல் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்!

"மாப்பிள்ளை!" என்று போர்வையை உதறினேன்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஓரத்தில் நின்றது. அவர் திரும்பிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சானா? எப்ப ஏறினீங்க? சொல்லியிருந்தா முன்னாடி உக்காந்திருக்கலாமே, கை கால் வலிக்குமே!"

"என் கை காலை விடுங்க. சத்தம் போகலைன்னு ஏன்யா சொல்லலை?"

"சின்ன சத்தம்தானே, பரவால்லன்னு..."

"என்ன பரவால்ல? பிரேக்கைப் பிடிச்சபடியே ஓட்டினா டிரம் பழுக்கக் காயும். ஒரு நாள் இறக்கத்துல மிதிச்சா பிடிக்காது. அறுத்துத் தச்ச ஆளைப் பின்னாடி படுக்க வச்சிருக்கறப்ப அப்படி ஆனா, அப்பவும் பரவால்லயா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. மெல்லச் சொன்னார்.

"அது எனக்குத் தோணலை மச்சான். உங்க பணம் என்கிட்ட இருக்கு. உங்ககிட்ட ஒரு வார்த்தை குறை சொல்லலாம்னு வாயைத் திறந்தா, அது தொண்டையில வந்து நிக்குது."

கல்யாணத்தன்று என் மீசையை இரண்டு ஈர்க்குச்சி என்று பந்தலிலேயே கிண்டல் செய்த மனிதர் அவர். அந்தப் பேச்செல்லாம் எப்போது நின்றது என்று நினைத்துப் பார்த்தேன். நான் பணம் கொடுத்த மாதம்தான்.

"நான் பணம் கொடுத்தது காருக்கு. உங்க வாயை அடமானம் வாங்கிக்கலை. வண்டியைப் பட்டறைக்கு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானே கழற்றினேன். டிரம்மின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. லைனிங் கருகி நாறியது. டயர் கடைக்காரனிடம் மறுநாள் நானே போய்ச் சமாதானம் பேசிவிட்டேன். ஷூவைத் தகட்டோடு பிடித்து வைக்கும் சின்ன ஸ்பிரிங் உடைந்து துண்டாகக் கிடந்தது. பிடிப்பில்லாத ஷூ ஒவ்வொரு பள்ளத்திலும் தகட்டில் அடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் டிரம், ஷூ, ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டேன். அப்படிப்பட்ட பொருத்தம் வேறு எந்தப் பட்டறையிலும் பார்க்க முடியாது. இதை நான் சொல்லவில்லை என்றால் யார் சொல்வார்கள்?

"ஓட்டிப் பாருங்க. நான் கண்ணைத் திறந்துகிட்டுத்தான் உக்காருவேன், சொல்லிட்டேன்."

போய்த் திரும்பினோம். ஹேண்ட்பிரேக் அடியோடு இறங்கியே கிடந்தது. சத்தம் இல்லை. அதை அவர் வாயால் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

திங்கட்கிழமை மேனேஜர் அம்மா பின்சீட்டில் ஏறி, மேம்பாலம் ஏறி இறங்கி, தோண்டிப் போட்டிருந்த சாலை வழியாகவும் போய்ப் பார்த்தாராம். இறங்கும்போது, "ஏங்க, நான் பாதி வழியில தூங்கிட்டேன்" என்றாராம். வேலை கிடைத்தது. அன்றைக்கு அந்த அம்மாவிடம் மட்டும், மச்சான் காசு என்கிற கதையை அவர் சொல்லவில்லை என்று தங்கை சொன்னாள்.

அதன் பிறகு மாதம் தவறாமல் பணம் வந்தது. வேண்டாம், மெதுவாகக் கொடுங்கள் என்றால் கோபித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. கடைசித் தவணை கொண்டுவந்த அன்று பட்டறையில் ஆறு பேரும் இருந்தார்கள்.

"மேஜை மேல வையுங்க மாப்பிள்ளை, கையெல்லாம் கிரீஸு."

"துடைச்சுட்டு நீட்டுங்க. மேஜையில வச்சா எண்ண மாட்டீங்க. அப்புறம் ரெண்டு நோட்டு குறையுதுன்னு உங்க தங்கச்சிகிட்ட வத்தி வைப்பீங்க."

ஆறு பேரும் சிரித்தார்கள். நான் கையைத் துடைத்தேன்.

"இன்னொண்ணு மச்சான். போன வாரம் முன்சக்கரத்தைப் பார்த்தீங்களே, வளைவுல 'டொக்'குங்குது. ஒழுங்காவே பார்க்கலை நீங்க."

"என் வேலையிலயா? என் பட்டறையில நின்னுகிட்டா?"

"ஆமா, உங்க வேலையிலதான். முதல்ல கையை நீட்டுங்க, அப்புறம் சண்டை போடலாம்."

நீட்டினேன். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பட்டறை முழுக்கக் கேட்கிற குரலில் எண்ணி, ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் வைத்து முடித்தார்.