இடக்கைச் சுற்று

சிப்காட் வட்டாரத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதிகம் பேரிடம் ஏச்சு வாங்கியவர் யார் என்று இதுவரை எவரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்தால் விக்டோரியா அம்மையார்தான் முதலாவதாக வருவார். இரண்டாவதாக வருபவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பார்.

வயது நாற்பத்து மூன்று. கும்மிடிப்பூண்டி பைபாஸை ஒட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. கணவர் மோசஸ், கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அதைவிட அதிகமாக வாயை ஓட்டுபவர். அம்மையாருக்குப் பிறவியிலேயே இடக்கை வாட்டம். சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடக்கையால்தான் செய்வார். அறைவது உட்பட என்று மோசஸ் சொல்வதுண்டு. அதற்குச் சாட்சி கிடையாது.

வேலை, பைக்குகளுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில். ஒரு பைக்குக்குள் ஓடும் அறுபது எழுபது வயர்களைக் கொத்தாக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி அனுப்புவார்கள். ஹார்னஸ் என்று பெயர். பதினோரு வருடம் அம்மையார் அங்கே கடைசி செக்கிங்கில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் ஒரு வயர் கூட, எந்த இடத்தில் குறைவு என்று சொல்லிவிடுவார். சொல்வதோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. சுற்றியவளின் குடும்பம், வளர்ப்பு, முந்தின இரவு பார்த்த சீரியல் வரைக்கும் போவார். பிறகு கம்பெனியில் ஒரு கேமரா வாங்கி வைத்தார்கள். கேமராவின் தலையாய தகுதி, அது யாரையும் திட்டாது. மூன்றாம் நாளே அம்மையார் டேப் சுற்றும் மேஜைக்கு மாற்றப்பட்டார். ஆபரேட்டர் எண் 417. அன்றிலிருந்து அவர் ‘ஓகே’ சொன்னாரா இல்லையா என்று உலகத்தில் ஒரு ஜீவனும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது பைக் ரேஸ்.

எளாவூர் தாண்டி, சுப்பிரமணி என்ற மனை வியாபாரி ஒரு லேஅவுட் போட்டிருந்தார். ஆறு வருடமாக அங்கே ஆடுகளைத் தவிர யாரும் குடியேறவில்லை. ஆனால் ரோடு மட்டும் அம்பு போல நானூறு மீட்டர். விற்காத நிலத்துக்கு நாலு பேர் வந்து போனால்தானே மதிப்பு? எனவே சுப்பிரமணி ஒரு டிராக் ரேஸ் கிளப்பைத் தொடங்கி, அதற்குத் தலைவராகத் தன்னைத்தானே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, இரண்டிரண்டு பைக்காக நேர்க்கோட்டில் பறக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் வண்டி இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கூடாது. முதல் விதி அதுதான். முதலில் மீறப்பட்டதும் அதுதான்.

மீறும் முறை எளிது. கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரை அதிகம் முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கும், முன்சக்கரம் தூக்கும். குறைத்தால் பக்கத்து வண்டி போய்விடும். அந்த அளவு ரைடரின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டில் இல்லாதவர்களுக்காகத் தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு டப்பா ஆன்லைனில் கிடைக்கிறது. சக்கரம் வழுக்கினால் அது கண் சிமிட்டும் நேரத்துக்கு எஞ்சினின் தீப்பொறியை வெட்டி வெட்டி விடும். ரைடர் முழுசாக முறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வீரன் ஆகிவிடலாம்.

“எங்க ஊட்டுக்காரி தடவுனாவே கண்டுபுடிச்சிடுவா” என்று மோசஸ் டீக்கடையில் பீற்றியதன் விளைவாக, அம்மையார் வரவழைக்கப்பட்டார். முதல் நாளே மூன்று டப்பாக்களைப் பிடுங்கினார். ஒன்று ஹெட்லைட்டுக்குள், ஒன்று சீட்டு ஸ்பான்ஜுக்குள், ஒன்று ஹேண்டில்பாரில் கட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால். மூன்றாமவன் மாதா மேலேயே சத்தியம் செய்தான். “மாதாவ பொய் சாட்சிக்கு இட்டாந்து நிறுத்துறியேடா, கலீஜு” என்று அம்மையார் அவனுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்.

அதன்பின் ஒரு நீலத் தொப்பியும், பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் சுருள்களும் அவருக்கு நிரந்தரமாயின. அவர் பச்சை ஒட்டாமல் அங்கே ஒரு சக்கரம் உருளாது. கேமரா பறித்துக்கொண்ட ‘ஓகே’வை அம்மையார் ஆட்டு மேய்ச்சல் லேஅவுட்டில் மீட்டெடுத்திருந்தார். அவரிடம் இருந்த ஒரே சொத்தும் அதுதான். அதை இனி யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்பது அவர் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டும் விதத்திலேயே தெரிந்தது.

கிளப்பின் முடிசூடா மன்னன் அன்புசெல்வன், சுப்பிரமணியின் மச்சான். அவனுக்கு மணிக்கட்டு கிடையாது. ஆனால் மூளை உண்டு. அம்மையாரின் விரலை ஏமாற்ற ஒரே ஒரு கைதான் உலகத்தில் உண்டு என்று கண்டுபிடித்தான். அது அம்மையாரின் கை.

மோசஸுக்கு ஒரு வாழ்நாள் ஆசை: மைக்கில் பேச வேண்டும். சர்ச்சில் ஒருமுறை அறிவிப்பு வாசிக்கக் கொடுத்து, இருபது நிமிடம் கழித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்புசெல்வன் ரேஸ் மைக்கை அவர் கையில் கொடுத்தான். கூடவே ஒரு வயர் கட்டையும்.

“இன்னாய்யா இது?” என்றார் அம்மையார் வீட்டில்.

“எளாவூர் லாரி ஷெட்டுல குட்தாங்க. டேப்பு சுத்தி குடேன்.”

“நடுவுல இன்னா முண்டு?”

“டையோடாம். அத்தயும் சேத்து சுத்திட சொன்னாங்க.”

ஹார்னஸில் டையோடு என்ற சின்ன மின் உறுப்பு இருப்பது இயல்பு. உலகத்தையே சந்தேகப்பட்ட அம்மையார் சொந்த வீட்டுக் கூடத்தில் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்திருந்தார். சீரியல் பார்த்தபடியே சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியில் ஏறி, கடைசிச் சுற்று இழுக்காமல் படிந்து, பாம்புச் சட்டை போல வழவழவென்று வந்தது. சுற்றி முடித்து, தானே ஒருமுறை தடவிப் பார்த்து, அபூர்வமாகச் சிரிக்கவும் செய்தார்.

அடுத்த ரேஸ் அன்று காலை. அன்புசெல்வனின் வண்டியை அம்மையார் தடவினார். டேங்குக்கு அடியில் டேப்பின் ஓரம் எங்கும் விரலில் பிசிறவில்லை. இவ்வளவு சுத்தமான டேப் வேலைக்கு அடியில் களவு இருக்காது என்பது அவரது பதினோரு வருட நம்பிக்கை. களவாணிகள் எப்போதும் அவசரத்தில் சுற்றுவார்கள். முண்டு தட்டியது. டையோடு என்று விரல் தானாகவே சொல்லிக்கொண்டது. பச்சை ஒட்டினார்.

அன்புசெல்வன் ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டான். எதிரில் எட்வர்ட். பகலில் ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டுபவன். மற்ற நேரங்களில் சண்டைக்காரன்.

“யக்கா, அவன் முழுசா முறுக்குறான், வீலு ஒரு இன்ச்சு தூக்கல. இன்னா, வண்டிக்கு ஜபம் பண்ணிக்கினு வந்தானா?” என்று எட்வர்ட் கத்தினான்.

“தோக்கப் போறவன் வாய் தாண்டா மொதல்ல ஃபினிஷ் லைன தாண்டும்” என்றான் அன்புசெல்வன்.

“உன் மூஞ்சிக்கு மச்சான் லேஅவுட்டு இல்லன்னா நீ சைக்கிள் ரேஸ்ல கூட கடசி.”

மோசஸ் மைக்கில், “இரு வீரர்களும் அன்புடன் நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்” என்றார்.

அம்மையார் அன்புசெல்வனின் வண்டியருகே வந்தார். “ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்ச கொஞ்சம் விட்டு முறுக்கு” என்றார். அன்புசெல்வன் முறுக்கினான். பின்சக்கரம் சரளையில் வழுக்கத் தொடங்கிய இடத்தில் எஞ்சின் ட்ட்ட்ட் என்று திக்கியது. கம்பெனி எஞ்சின் திக்காது. டேங்கைத் தூக்கச் சொல்லி, தலையை உள்ளே விட்டார். இந்த முறை கண்ணையும் திறந்து வைத்திருந்தார்.

டேப் இடமிருந்து வலமாக அல்ல, மாற்றுத் திசையில் ஏறியிருந்தது. அவர் மேஜையில் நாற்பது பெண்கள். இடக்கையால் சுற்றுபவர் ஒருவர்தான்.

தலையை வெளியே எடுக்க அம்மையாருக்கு வழக்கத்தை விட நேரம் பிடித்தது. அன்புசெல்வன் குனிந்து, பாசத்தோடு சொன்னான்: “யக்கா, உன் கை வேல தான். செவப்பு ஒட்டுனா நாறப் போறது நானா நீயா? காலைல நீ தானே பச்ச ஒட்டுன. கம்முனு போ. அண்ணனுக்கும் மைக்கு நெலைக்கும்.”

அம்மையார் மைக் இருந்த திசையைப் பார்த்தார். மோசஸ் மைக்கால் முகத்தை மறைத்துக்கொண்டார். மைக் சின்னது, மறைத்தது மூக்கை மட்டும்.

“கட்டரு குடுறா” என்றார் அம்மையார்.

தன் வாழ்நாளின் ஆகச்சிறந்த டேப் வேலையைத் தானே கிழித்து, டப்பாவை வெளியே இழுத்துத் தரையில் போட்டார். கூட்டம் ஊளையிட்டது. சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். அதோடு நிற்கவில்லை. தொழிற்சாலையில் தப்பு கண்டுபிடித்தால் ஒரு சிவப்பு அட்டை எழுதித் தொங்கவிடுவார்கள். தப்பு என்ன, செய்தவர் யார், பார்க்காமல் விட்டவர் யார் என்று அதில் மூன்று வரி. தப்பு சரியாகும்வரை அட்டையைக் கழற்றக் கூடாது. கைப்பையில் எப்போதும் இருக்கும் அட்டையில் ஒன்றை எடுத்து எழுதி, சத்தமாகவும் படித்தார்.

“தப்பு, டப்பா வச்சி சுத்துனது. சுத்துனவங்க, நானூத்திப் பதினேழு. பாக்காம உட்டவங்க, நானூத்திப் பதினேழு. அது நான்தான்.”

நியாயமாக இங்கே கை தட்டல் எழ வேண்டும். எழவில்லை.

“அப்போ இத்தினி நாளா நீயே வச்சி நீயே எடுத்துனு இருந்தியா?” என்றான் ஒருவன். முன்பு சிவப்பு வாங்கிய மூவரும் தத்தம் டப்பாக்களும் அவர் வைத்தவைதான் என்று அந்த நிமிடமே தெளிந்தார்கள். மாதா படத்துக்காரன் மறுபடியும் மாதா மேல் சத்தியம் செய்தான். கோப்பை பெற்ற எட்வர்டுக்குத்தான் உச்சக் கோபம்: “ஓட்டி ஜெயிக்க வேண்டியத ஒக்காந்துனு ஜெயிக்க வச்சிட்டியே! காலைலயே புடிச்சா இன்னா?”

சுப்பிரமணி தீர்ப்பு வழங்கினார். ஏமாற்றியது டப்பா, மச்சான் அதன் மேல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவே. அவருக்கு எச்சரிக்கை. விக்டோரியாவுக்குத் தடை. தொப்பியை வாங்கிக்கொண்டார். கிளப்பின் மானம் கருதி, சிவப்பு அட்டையையும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மோசஸ், “சத்தியமா அது டையோடுன்னு தான் நென்ச்சேன்” என்றார்.

“டையோடுக்கு எவன்யா மைக்கு குடுப்பான்?”

அதற்குப் பின் அந்த வீட்டுக்குள் மோசஸ் கொண்டுவந்த எல்லாப் பொருளும் வாசலிலேயே செக் செய்யப்பட்டது. மீனின் செவுள், பால் பாக்கெட்டின் ஓரம், ஒருநாள் மோசஸின் செருப்பு.

அடுத்த ரேஸுக்கு சுப்பிரமணி சென்னையிலிருந்து ஒரு கைக்கருவி வரவழைத்தார். டப்பாவைக் கண்டால் அது பீப் போடும் என்றார்கள். அது ஹெல்மெட்டைக் கண்டு பீப் போட்டது. எட்வர்டின் பெல்ட்டைக் கண்டு போட்டது. சுப்பிரமணியின் மார்பில் வைத்தபோது நிறுத்தவே இல்லை. பச்சை ஸ்டிக்கர் எல்லா வண்டிக்கும் ஒட்டப்பட்டது; எந்த ரைடரும் அடுத்தவன் பச்சையை நம்பவில்லை. இரண்டு பேர் கோட்டில் நின்று, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் தாயாரை ஒருவர் விசாரித்தார்கள். பகல் ஒரு மணிவரை ஒரு வண்டியும் கிளம்பவில்லை. ஆடுகள் ரோட்டை மீட்டுக்கொண்டன.

இரண்டு மணிக்கு லைன் வீட்டு வாசலில் சுப்பிரமணி, அன்புசெல்வன், எட்வர்ட் மூவரும் நின்றார்கள். மோசஸ் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

“இவன் வண்டிய நீதாம்மா பாக்கணும்” என்றான் எட்வர்ட்.

“மொதல்ல இவன் வண்டிய பாருக்கா. ஸ்டீல் கம்பெனிலேந்து இன்னான்னா தூக்கியாந்து சொருவிக்கினு கீறானோ” என்றான் அன்புசெல்வன்.

“உன்ன யாரும் நம்பல” என்றார் சுப்பிரமணி அம்மையாரிடம். “ஆனா மத்தவங்கள அதவிட நம்பல. பேஜாரா கீதும்மா.”

அம்மையார் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டார். “அடுத்தவன் வண்டிய பாருன்னு சொல்ல மூணு பேரு வந்துகீறீங்க. என் வண்டிய பாருன்னு ஒருத்தன் வாயிலயும் வரல. ஏன், பல்லு வலியா?”

எட்வர்ட் பெல்ட்டைச் சரிசெய்தான்.

“தொப்பி கொண்டாந்துகீறேன்” என்றார் சுப்பிரமணி.

“தொப்பி இருக்கட்டும். என் அட்ட எங்க?”

“எந்த அட்ட?”

“பையில போட்டுகினு போனியே, செவப்பு அட்ட. அது உன் மானமில்ல நைனா, என் அட்ட. தப்ப சரி பண்ணாம எவனும் கழட்டக் கூடாது. ஸ்டார்ட்டிங்ல, எல்லாரும் பாக்குற எடத்துல மாட்டு. அதுக்குக் கீய நின்னுதான் பாப்பேன்.”

“மாட்டுனா உனக்குத்தானேம்மா அசிங்கம்?”

“தெரியுது இல்ல? தன் பேர்லயே செவப்பு எழுதுறவ உங்க பேர்ல எழுத யோசிப்பாளா? அத்தப் பாத்துகினே வரிசைல நில்லுங்க.”

சுப்பிரமணி சட்டைப் பையைத் துழாவினார். சலவைக்குப் போய் வந்த அட்டை ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்தது. ஆனால் இரண்டு 417களும் படிக்கும்படிதான் இருந்தன.

மூன்று மணிக்கு லேஅவுட்டில், விளக்குக் கம்பத்தில் அட்டை ஆடியது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படித்துவிட்டு ஒரு வசையை உதிர்த்தான்; உதிர்த்துவிட்டு வண்டியை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினான். ஹேண்டில்பாரிலிருந்து மாதா படத்தை ஒருவன் தானாகவே கழற்றிப் பையில் வைத்தான்.

அம்மையார் தொப்பியை மாட்டிக்கொண்டு, முதல் வண்டியைத் தாண்டிப் போனார். இரண்டாவதையும் தாண்டினார். மேடையில் மோசஸ், “மதிப்புக்குரிய எனது துணைவியார் இதோ...” என்று ஆரம்பித்திருந்தார். அம்மையார் மைக் வயரை இடக்கையால் தடவினார். நடுவில் ஒரு முண்டு. டேப்பைப் பிரித்தார். இரண்டு செம்புக் கம்பிகளை வெறுமனே முறுக்கி மேலே ஒப்புக்குச் சுற்றியிருந்தார்கள்.

“யாரு சுத்துனது?”

மோசஸ் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “நான்தாம்மே” என்றார்.

சிவப்பு ஸ்டிக்கர் சுருளிலிருந்து சர்ரென்று கிழிந்து மைக்கில் ஒட்டியது. சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. அன்றைய ரேஸில் மைக்கில் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.