கானுக்கு மேலே போட்ட பாதை

ஆடி அமாவாசை நெருங்கும்போதுதான் அந்த முட்கம்பி வேலி வந்தது. நான் அப்போது திருகோணமலையில் நகரசபை ஓவசியர், வேலைகளை மேற்பார்க்கிறவன். எங்கள் சுத்திகரிப்புத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே பெரிய தோட்டங்கள். ஒரு தோட்டத்துக்குள்ளால் போன ஒற்றையடிப் பாதைதான் அவர்களுக்கு வழி. தோட்டத்தைப் புதிதாக வாங்கிய பிறக்கிராசியார், கோட்டில் வழக்குப் பேசுகிறவர், அதை அடைத்துவிட்டார்.

தொழிலாளி மாரிமுத்து காலையிலேயே நகரசபைக் கந்தோர் வாசலில் நின்றார்.

"ஐயா, அப்பா செத்து முதல் ஆடி அமாவாசை. கடலில முழுகித் தண்ணி விடவேணும். கோயிலடிக் கடலுக்குப் போனா எங்களை ஒதுங்கி நிக்கச் சொல்லுவினம். எங்களுக்கெண்டு இருந்தது இந்தத் துண்டுக் கடல்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்க் குப்பையை அள்ளுகிறவர்களுக்கு ஊர்க் கடல் இல்லையா? நேரே பிறக்கிராசியாரிடம் போனேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"என்ரை காணி, தம்பி. வழக்குப் போடுங்கோவன். பத்து வருசம் இழுக்கலாம்."

சட்டம் படித்த மனிதர், செய்யக்கூடியவர்தான்.

எங்கள் சுப்பிரின்டன்ட் கிண்ணியாக்காரர், அதிகம் பேசமாட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு வேலிக்கரைக்கு வந்தார். வேலிக்கு வெளியே, தோட்டத்தின் ஓரமாக மழைத்தண்ணீர்க் கான் ஒன்று லைன் வீடுகளடியிலிருந்து கடல்வரை போனது.

"இந்தக் கான் ஆர்ர?" என்று கேட்டார்.

"எங்கட சபையிட, சேர்."

"திறந்து கிடந்தா நுளம்பு பெருகிச் சனத்தைக் கடிக்கும். சிலாப் போட்டு மூடுங்கோ. மேல ஆர் நடந்தா எங்களுக்கென்ன?"

புதிதாக வார்த்த கொங்கிறீட் சிலாப்பை வாரக்கணக்கில் நனைக்காமல் தூக்கினால் வெடித்துவிடும். அமாவாசைக்கு முடிக்க ஏலாது என்றேன்.

"சந்தைக் கானுக்கு வார்த்தது கிடக்குத்தானே, அதை எடுங்கோ. சந்தைக்காரர் என்னை ஏசட்டும்."

அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கடைசிச் சிலாப் இறங்கும்போது பிறக்கிராசியார் வேலிக்கு வந்தார். "என்ன ஓவசியர், ரோட்டுப் போடுறீரோ?"

"இல்லை ஐயா, கான் மூடுறம். உங்கட வீட்டில நுளம்பு குறையும்."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அமாவாசையன்று, சனம் நடக்கச் சிலாப் ஆடுகிறதா என்று பார்க்கப் போனேன். மாரிமுத்து நனைந்த வேட்டியோடு கரையேறி வந்தார்.

"ஐயாவுக்கும் அப்பா இல்லைத்தானே? வாங்கோவன், எங்களோட முழுகுங்கோ."

வருடாவருடம் என் சொந்தக்காரரோடு கோயிலடியில் முழுகுகிறவன் நான். அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். அவர்களுக்குக் கடலைக் கொடுத்தவன் நான் என்று அதுவரை மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் அவர்கள் விலகி எனக்கும் இடம் விட்டபோதுதான் பொது இடம் என்றால் என்னவென்று விளங்கியது.