துப்பாக்கியில் சந்தனம்

அண்ணன் கப்பலேறிய அன்று காலையில் நான் செய்த துப்பாக்கிகள் வெடிக்கவில்லை.

பர்மாவில் தின்கன்ஜூன் பக்கம் சினிமாப் படம் எடுக்கும் கம்பெனி ஒன்றின் பட்டறையில் எனக்கு வேலை. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அரம் பிடிக்கத் தெரியும். மன்னர் காலத்துக் கதை ஒன்றுக்காகப் பழைய துப்பாக்கியைப் பார்த்து அதே மாதிரி சில செய்திருந்தோம். குழாயும் விசையும் என் கைவேலை. மரக்கட்டை அண்ணனுடையது, அவர் அங்கேயே தச்சர். குண்டு கிடையாது. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டிக் காகிதம் வைத்து இடிக்க வேண்டும். பின்பக்கம் துளையுள்ள சின்ன முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் செம்பாலான சின்ன வெடிமூடியைக் கவிழ்க்க வேண்டும், கேப் என்போம். சுத்தி விழுந்தால் கேப் வெடித்து, நெருப்பு துளை வழியே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

அந்த வருஷம் எங்கள் தமிழ் ஆட்கள் பிழைப்பு போய், கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கு அங்கே உறவு இருந்தது, அண்ணனும் கப்பலுக்குப் பெயர் பதிந்துவிட்டார். எனக்கு அங்கே யாருமில்லை. நான் பதியவில்லை. மத்தியானத்துக்குள் துறைமுகம் போனால்தான் அவரைப் பார்க்க முடியும். லீவு கேட்க எனக்கு வாய் வராது என்று தெரிந்து, பட்டறைத் தலைவரிடம் அண்ணனே சொல்லிவைத்திருந்தார். தலைவர் பர்மியர், ஊலே என்று கூப்பிடுவோம். “முதல் துப்பாக்கிச் சூடு படம் எடுத்ததும் போகட்டும்” என்றிருந்தார்.

முதல் சூட்டில் கேப் மட்டும் டப்பென்றது. மருந்து பிடிக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. இந்தியர்களைப் பர்மியர்கள் கலா என்பார்கள். சிப்பாய் வேஷம் போட்ட ஒருவர் பர்மியில் கேட்டார்:

“என்னப்பா கலா, உன் துப்பாக்கி தும்முது, இரும மாட்டேங்குதே?”

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிலிம் கிடைப்பதே அப்போது கஷ்டம்.

மருந்து ஈரமாயிருக்கும் என்று வேறு டப்பா திறந்தேன். பயனில்லை. குழாயில் எண்ணெய் தங்கியிருக்கும் என்று நினைத்தேன். அதுவுமில்லை. நெருப்பு தாமதமாகப் பிடிக்கலாம் என்பதால் வாயை வயல் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தேன். பிறகு முனையின் துளையில் கம்பியை விட்டுத் திருகினேன். மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. மோந்து பார்த்தேன்.

அதற்குச் சில நாள் முன்புதான் ஆயுத பூஜை. அந்தப் பட்டறையில் அண்ணனுக்கு அதுவே கடைசி. ரம்பம், இழைப்புளி, கடைசல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். துப்பாக்கிக்கு எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, “நெருப்பு பொறக்கற எடத்துலதாண்டா வைக்கணும்” என்று முனையிலேயே அழுத்தி வைத்தார். மறுநாள் நான் வெளியே மட்டும் துடைத்தேன்.

ஊலே குனிந்து பார்த்தார். “என்ன அது?”

“அழுக்கு, ஊலே.”

“அழுக்கு இவ்வளவு வாசனையாவா இருக்கும்?”

“சந்தனம். பூஜை வச்சோம்ல.”

“சரி சரி, சாமியை வெளியில எடு. நேரமாகுது.”

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. முனைகளைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். கம்பி விட்டு ஊதி, காயவைத்து மாட்டினேன். மருந்து போடாமல் வெறும் கேப்பை அடித்து, வாய்க்கு நேரே இருந்த புல்லைப் பார்த்தேன். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆடியது. ஒவ்வொன்றுக்கும் அப்படியே பார்த்தேன். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த சூட்டில் எல்லாம் வெடித்தன. புகை வயல் முழுக்கப் படுத்துக்கிடந்தது. டைரக்டர் இன்னொரு தரம் என்றார். ஊலே என் கையிலிருந்த கேப் டப்பாவை வாங்கிக்கொண்டு, “நான் மாட்டறேன், நீ ஓடு” என்றார்.

நான் போனபோது துறைமுகக் கதவை மூடிவிட்டார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை. சுங்கக்காரர்கள் அண்ணியின் பெட்டியைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகை கொண்டுபோக விடவில்லை, அண்ணி காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி இருந்தது. அண்ணன் என்னைக் கண்டு வேலிக்கு வந்தார்.

“சாப்ட்டியா?”

“ம்.”

சாப்பிடவில்லை.

“மூஞ்சியெல்லாம் கரி. தொடைச்சிக்க.” துடைத்தேன். “உளியெல்லாம் எடுத்துப் போக விடல தம்பி. வீட்ல கட்டிலுக்கடியில கெடக்கு. துரு ஏற விட்றாத.”

“சரிண்ணே.”

வரிசை நகர்ந்தது, அண்ணி கூப்பிட்டார், அண்ணன் போய்விட்டார்.

கப்பல் நகரும்வரை நான் நிற்கவில்லை. கருமருந்து சுட்ட குழாயை அன்றைக்கே கழுவாவிட்டால் அரித்துவிடும். பஸ் பிடித்துப் பட்டறைக்கு வந்தேன். துப்பாக்கிகளைச் சுவரோரம் சாத்திவைத்திருந்தார்கள். அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தேன். முதல் குழாயிலிருந்து தண்ணீர் கறுப்பாக வந்தது. தெளியும்வரை ஊற்றினேன். அடுத்ததை எடுத்தேன்.